மூன்று சீல் குத்திய வாழ்த்துப்பா

பாராட்டு விழா என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். மாத்தளை டவுனில் நடந்த அப்படியொரு விழாவுக்கு வாழ்த்துப்பா எழுதிக் கொடுத்தவளே நான்தான். அதனால் திட்டுகிற உரிமை எனக்கு உண்டு. திட்டு வாங்குகிற தகுதியும் உண்டு.

யுத்த காலம் அது. டவுனில் ஒரு பாடசாலையில் தமிழ் படிப்பித்துக்கொண்டிருந்தேன். சமூக நீதிக்காக வாழ்க்கையைக் கொடுத்த ஒரு பெண்ணைக் கௌரவிக்க வேண்டும் என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களுக்குத் திடீரென்று ஞானம் பிறந்தது. ஆள் தேடிக் கஷ்டப்பட வேண்டியிருக்கவில்லை. இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறித்த நேரம் போக, இருபது வருஷமாகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி இறங்கி, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு அதை எடுத்துக் கொடுத்தவர். பிரஜாவுரிமைப் படிவங்களை நிரப்பிக் கொடுத்தவர். பிள்ளை பெற்ற பெண்களின் சம்பளத்தை வெட்டிய தோட்ட நிர்வாகியான துரையின் முன்னால் போய் நின்று சண்டை பிடித்தவர். கலியாணம் கட்டவில்லை. கையில் எப்போதும் ஒரு ரெக்சின் பை. அது நிறைய மற்றவர்களின் கடுதாசிகள்.

தோட்டம் முழுக்க அடையாள அட்டை எடுத்துக் கொடுத்த அந்த மனுசிக்கு அடையாள அட்டை கிடையாது. அவருடைய அப்பா இந்தியாவுக்குப் போக எழுதிப் போட்டுவிட்டு, போகாமலே செத்துப்போனார். அந்தக் கோப்புக்குள் மகளும் இந்தியாக்காரி என்று மாட்டிக்கொண்டார். துரை எப்போதோ எழுதிக் கொடுத்த ஒரு கடிதத்தைக் காட்டித்தான் செக்பொயின்ட்டுகளைத் தாண்டிக்கொண்டிருந்தார். விழாக் குழுவில் எல்லோருக்கும் இது தெரியும். ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பொன்னாடை என்ன நிறம் என்பதற்கு மட்டும் மூன்று கூட்டம் போட்டார்கள்.

குழுவில் மூன்று பேர் ஜே.பி., அதாவது சமாதான நீதவான்கள். தலைவர் ஒரு பலசரக்குக் கடை முதலாளி. செயலாளர் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர். பொருளாளர் மாதர் சங்கத்து அம்மா. இன்னார் இன்னார்தான் என்று கையெழுத்துப் போட்டுச் சீல் குத்திக் கொடுப்பது ஒரு ஜே.பி.யின் முக்கியமான வேலை. எங்கள் ஆட்களோ கலியாணக் கார்டில் பெயருக்குப் பின்னால் போட்டுக்கொள்வதற்காகவே அதை வாங்கியவர்கள்.

வாழ்த்துப்பாவில் நான் பதினாறு அடைமொழி போட்டேன். மலையகத்தின் விடிவெள்ளியே என்று தொடங்கியிருந்தேன். வெட்கக்கேடு! அப்படியும் கீழே இடம் மிஞ்சியது. அதைச் சும்மா விடுவானேன் என்று அக்காவின் போட்டோவை ஒட்டி, முழுப்பெயர், பிறந்த தோட்டம், அப்பா அம்மாவின் பெயர் எல்லாம் எழுதி, "இவரை நாம் நன்கறிவோம்" என்று முடித்தேன். விழா நாள் காலையில் முதலாளி வந்து கையெழுத்துப் போட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து சீலை எடுத்தார்.

"சீல் இல்லாட்டி பேப்பருக்கு மதிப்பு ஏது டீச்சர்?"

அடையாளப் படிவத்தில் குத்துவதுபோலப் போட்டோவின் மூலையில் படும்படி ஒரு குத்து. அதைப் பார்த்த அதிபருக்குப் பொறுக்குமா? வீட்டுக்குப் போய்த் தன் சீலைக் கொண்டுவந்து பக்கத்தில் குத்தினார். மாதர் சங்கத்து அம்மா காரை அனுப்பியே தன் சீலை எடுப்பித்தார். அதற்குப் பிறகுதான் கண்ணாடிச் சட்டம் போட முடிந்தது.

விழா இரண்டு மணிக்கு. அக்காவைக் காணவில்லை. இரண்டரைக்கு, அவரோடு ஒரே பஸ்ஸில் வந்த தோட்டத்துப் பெண்ணொருத்தி மூச்சு வாங்க ஓடி வந்தாள்.

"டீச்சர், அக்காவ செக்பொயின்ட்டுல எறக்கிட்டாங்க! புது பொலிஸ் சார்ஜன், தொர குடுத்த கடுதாசிய பாக்கவே மாட்டேங்கிறான். பொறுப்பான ஆள் யாராச்சும் கையெழுத்து போட்டா விடுவானாம். இல்லாட்டி நாலு மணிக்கு லொறியில ஏத்திடுவாங்களாம்."

அந்த லொறியில் ஏற்றப்பட்டவர்கள் திரும்பி வர மாதக்கணக்காகும். வராமலே போனவர்களும் உண்டு. ஆனால் செக்பொயின்ட் பத்து நிமிஷ நடைதான். மேடையில் மூன்று ஜே.பி. இருக்கிறார்கள். எனக்குப் பயமே வரவில்லை. அவ்வளவு மடச்சியாக இருந்திருக்கிறேன்.

முதலாளியின் காதில் போய்ச் சொன்னேன்.

"பிரதம அதிதி வந்து ஒக்காந்துட்டாரே டீச்சர். இப்ப நான் எழும்பிப் போனா மரியாதையா இருக்குமா?"

அதிபர் நெஞ்சைத் தடவிக்கொண்டார். "எனக்கு பிரஷர். பொலிஸ் பக்கம் போனா ஒத்துக்காது."

மாதர் சங்கத்து அம்மா மட்டும் கண் கலங்கினார். "ஐயோ பாவம்! இத இப்ப மைக்குல சொல்லிறாதீங்க டீச்சர். விழா கெட்டுப்போயிரும்."

பிறகு முதலாளி மைக்கைப் பிடித்து, அக்காவின் துணிச்சலைப் பற்றி அரை மணித்தியாலம் வாய் கிழியப் பேசினார். அநியாயத்தைக் கண்டால் சும்மா இருக்கக் கூடாது என்று அவரிடமிருந்துதான் கற்றுக்கொண்டாராம். தூ! பேசி முடித்துவிட்டு, காலியாகக் கிடந்த அக்காவின் நாற்காலிக்குப் பொன்னாடை போர்த்தினார். நாற்காலிக்கு! அதற்குக் கைதட்டல் வேறு.

மேசையில் வாழ்த்துப்பா சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. மூன்று சீலும் பளிச்சென்று தெரிந்தன. மணி மூன்றரை. சட்டத்தோடு தூக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பின்வாசலால் இறங்கி ஓடினேன்.

அக்கா அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்தேன். அவரோ வாங்குப் பலகையில் உட்கார்ந்து, தன்னோடு பிடிபட்ட இரண்டு பெண்களின் பெயரையும் தோட்டத்தையும் எங்கள் விழா அழைப்பிதழின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருந்தார். நான் சார்ஜனிடம் போட்டோவைக் காட்டி, கீழே இருந்த வரிகளை மட்டும் சிங்களத்தில் சொன்னேன். அவன் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான்.

"மூன்று ஜே.பி.யா? ஒருவர் போதுமே" என்று சிங்களத்தில் சொன்னான். மூவரின் பெயரையும் விலாசத்தையும் தன் புத்தகத்தில் பதிந்துகொண்டு அக்காவை விட்டான். மற்ற இருவரையும் விடச் சொல்லி அக்கா எவ்வளவோ மன்றாடினார். நடக்கவில்லை.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் சட்டத்தை வாங்கிப் பார்த்தார். பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"அடேயப்பா, மூணு பேருமா! என் அடையாள அட்டை விண்ணப்பத்துல ஒரு கையெழுத்து கேட்டு போன வருசம் இந்த மூணு வீட்டு வாசல்லயும் நின்னேன் டீச்சர். நீ சண்டக்காரி, நாளைக்கு ஏதும் வம்புன்னா எங்க தலையில விழும்னு அனுப்பிட்டாங்க."

இந்த மூவர் நடத்திய விழாவுக்கா நான் பதினாறு அடைமொழி எழுதினேன்? மண்டபத்துக்குப் போவோமா என்று கேட்கவே வாய் கூசியது. கேட்டேன்.

"எனக்கு வேல இருக்கு. இந்த ரெண்டு புள்ளைங்க வீட்டுக்கும் போய் சொல்லணும்" என்று சட்டத்தையும் எடுத்துக்கொண்டு இரத்தோட்டை பஸ்ஸில் ஏறிவிட்டார்.

நான் மண்டபத்துக்குத் திரும்பினேன். அங்கே ரோல்ஸும் கேக்கும் ஓடிக்கொண்டிருந்தன. உங்கள் மூன்று பேரின் பெயரும் பொலிஸ் புத்தகத்தில் ஏறிவிட்டது என்று சொன்னேன். சொல்வதில் எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். முதலாளி வாய்க்குக் கொண்டுபோன ரோல்ஸைத் தட்டிலேயே வைத்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூவரும் ஒரே காரில் அக்காவைப் பார்க்கக் கிளம்பினார்கள். வழி காட்ட என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். இருபது வருஷச் சேவையைப் புகழ்ந்து தள்ளியவர்களுக்கு அவருடைய லயம் எங்கே இருக்கிறது என்று தெரியாது. அந்த இரண்டு பெண்கள் விஷயமாக அலைந்துவிட்டு அக்கா அப்போதுதான் வந்து உட்கார்ந்திருந்தார்.

முதலாளி குழைந்தார். "பாராட்டு ஒங்களுக்கு எப்பவும் உண்டும்மா. அதுல ஒரு கொறையும் இல்ல. அந்தப் பேப்பர மட்டும் திருப்பித் தந்துருங்க. சீல் இல்லாம, இதவிடப் பெருசா, கலர்ல ஒண்ணு அடிச்சுத் தாறோம்."

அக்கா ரெக்சின் பையைத் திறந்தார். வாழ்த்துப்பா சட்டத்திலிருந்து கழன்று, நடுவில் மடிந்து, மற்றவர்களின் படிவங்களோடு கிடந்தது. கத்தரிக்கோலை எடுத்து மடிப்பின் மேலேயே நேராக வெட்டினார். பதினாறு அடைமொழிகளும் இருந்த மேல் பாதியை முதலாளியின் கையில் கொடுத்தார். போட்டோவும் சீல்களும் இருந்த கீழ்ப் பாதியைப் பைக்குள் வைத்து சிப்பை இழுத்தார்.

"பாராட்ட நீங்களே வச்சுக்கங்க முதலாளி. செக்பொயின்ட்டுல அத யாரும் கேக்கல."