அவள் எடுத்த சுருதி

போன வருடம் புரட்டாசி சனிக்கிழமை, வெண்ணந்தூரில் எங்கள் தெருப் பெருமாள் கோவில் பஜனையில் நடந்தது இது.

நான் பவர்லூம் தறி ஓட்டுகிறவன். படிப்பு ஐந்தாவதோடு சரி. பஜனையில் எப்போதும் முதல் பாட்டு என் வீட்டுக்காரியுடையது. அதற்கு முந்தின வருடம் அவளுக்குக் கழுத்தில் கட்டி வந்து சேலத்தில் ஆபரேஷன் ஆனது. பேச்சு வந்துவிட்டது. பாட்டை மட்டும் விட்டுவிட்டாள். வீட்டில் முணுமுணுப்பதுகூட இல்லை. கோவிலில் ஆர்மோனியம் வாசித்தவரும் மகன் வீட்டோடு திருப்பூர் போய்விட, பெட்டி சும்மா கிடந்தது.

நான் வாசித்தால் இவள் பாடுவாள் என்று தோன்றியது. பெட்டியை வீட்டுக்குத் தூக்கி வந்தேன்.

"தறிச் சத்தத்துல பாதி செவுடான காது. இதுல பாட்டு ஏறுமாக்கும்?" என்றான் பக்கத்துத் தறிக்காரன்.

ஏறும் என்றேன். தறியில் ஏதாவது கோளாறு என்றால் சத்தத்தை வைத்தே சொல்கிறவன் நான். பாட்டும் சத்தம்தானே.

அவள் முன்பு பாடியதை மகள் போனில் பிடித்து வைத்திருந்தாள். ஒரு வரி கேட்பேன். நிறுத்துவேன். கட்டை கட்டையாக அமுக்கிப் பார்ப்பேன். ஒத்து வந்தால் அடுத்த வரி.

"ஏனுங்க, முட்டைக்கு முக்கற கோழியாட்டம் இருக்குது. கொஞ்சம் நிறுத்துங்க" என்பாள் சமையல்கட்டிலிருந்து. நிறுத்தவில்லை. ஆடி முடிவதற்குள் பாட்டு முழுதும் கைக்கு வந்துவிட்டது. அதன் பிறகுதான், "சரி, பாடிப் பாக்கறனுங்க. ஆனா கோயில்லதான், வீட்டுல வேண்டாம்" என்றாள்.

அன்று கோவிலில் நல்ல கூட்டம். நான் பாட்டின் முதல் வரியைப் பிசகில்லாமல் வாசித்தேன். அவள் அதே சுருதியில் எடுத்தாள். இரண்டாம் வரியில் குரல் ஏறவில்லை. உடைந்தது. இருமினாள். மறுபடி எடுத்தாள். மறுபடி உடைந்தது.

"பரவால்ல சாமி, ஒக்காரு. அடுத்த வருசம் பாடிக்கலாம்" என்றார் ஒரு பெரியம்மா. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் இவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்காரப் போனாள். இப்போது உட்கார்ந்தால் இனி எழுந்திருக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

அப்போதுதான் உறைத்தது. நான் வாசித்தது போனில் இருந்த குரலுக்கு. அது ஆபரேஷனுக்கு முந்தின குரல். இன்றைய குரல் அதைவிடக் கீழே இறங்கிவிட்டது. தினமும் பேசிக் கேட்கிற குரல்தான். எனக்குத் தோன்றவே இல்லை.

பெட்டியிலிருந்து கையை எடுத்தேன்.

"நீ எடு. நான் வாரேன்."

"எங்கிருந்துங்க எடுக்கறது?"

"உனக்கு வர்ற எடத்துல எடு புள்ள."

எடுத்தாள். கனத்த குரல். என் விரல்களுக்கு அந்த இடம் பழக்கமே இல்லை. ஒரு கட்டையைத் தொட்டேன், இல்லை. அடுத்தது சேர்ந்தது. அந்த ஒன்றையே அமுக்கிக்கொண்டு அவள் பாடுவதை மட்டும் கேட்டேன். முதல் அடி முழுக்க அந்த ஒற்றைச் சத்தம்தான். இரண்டாம் அடியில் பக்கத்துக் கட்டைகளைத் தேடினேன். சில சரியாக விழுந்தன. தப்பானதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனேன். அவள் நிற்கவில்லை.

திருப்பிப் பாடுகிற இடத்தில் கூட்டமே சேர்ந்துகொண்டது. முன்பு அவள் பாடினால் ஆண்கள் வாயைத் திறக்க மாட்டார்கள். அந்த உயரம் அவர்களுக்கு எட்டாது. அன்று எட்டியது. ஜால்ரா போட்டவர்கூடக் கண்ணை மூடிப் பாடினார்.

வீட்டுக்கு வரும்போது, "அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் மெதுவா ஊதுங்க, என் குரலே எனக்குக் கேக்கல" என்றாள்.

"ஊதறதுக்கு அதென்ன நாயனமா?" என்றேன். சிரித்தாள்.

பழைய குரல் திரும்பிவிடும், திரும்பிவிடும் என்றுதான் அதுவரை நாங்கள் எல்லோரும் அவளுக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தோம். இப்போது நான் அப்படிச் சொல்வதில்லை. இருக்கிற குரலைக் காது கொடுத்துக் கேட்டு, அதற்குத் தக்க இடத்தில் கையை வைக்கிறேன்.