கண்ணாடியில் தெரிந்த அம்பு

தேசப்பனை உங்களுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பழவேற்காட்டில் இறங்கி, பொன்னேரி போக ஒரு வேன் வேண்டும் என்று யாரிடமாவது கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாற்பத்தெட்டு வயது, வெயிலில் காய்ந்த உடம்பு, எதைக் கேட்டாலும் முதலில் சிரித்துவிட்டுப் பிறகு பதில் சொல்கிற பழக்கம். இருபது வருடம் ஏரியில் படகு ஓட்டினார். இறால், நண்டு பிடிக்கப் போகிறவர்களை விடியலில் கொண்டுபோய் விட்டு, மத்தியானம் ஏற்றி வருவார். ஆறு வருடத்துக்கு முன்னால் பழைய ஆம்னி வேன் ஒன்றை வாங்கிக் கரையேறினார். என் பெயர் சீனிவாசன். கடைத்தெருவில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என் வாய்க்குப் பயந்து பாதிப் பேர் என் கடைக்கு வருவதில்லை. தேசப்பன் மட்டும் போன் நன்றாக இருக்கும்போதும் வந்து உட்காருவார்.

அவர் மனைவி சுதா, அந்தப் படகில் போய் வந்தவர்களில் ஒருத்தி. இடுப்பளவு தண்ணீரில் குந்தி, ஓலையில் முடைந்த பறிக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவி இறால் பிடிக்கிறவள். ஏறி இறங்கிப் பழக்கமாகித்தான் கல்யாணம் ஆயிற்று. மூன்று வருடமாக அவள் சென்னையில், துரைப்பாக்கத்தில், படுத்த படுக்கையாகக் கிடக்கும் ஓர் அம்மாவைப் பார்த்துக்கொள்கிறாள். மகள் அர்ச்சனா நர்சிங் முடிக்க இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. அதுவரை அங்கேதான். மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மட்டும் லீவு.

அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைக்காகவே தேசப்பன் மீதி நாட்களைத் தள்ளிக்கொண்டிருந்தார் என்று சொன்னால் அது மிகையில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்புவாள். பஸ், மின்சார ரயில், பொன்னேரியில் இறங்கி மறுபடி பஸ். வீட்டுக்கு வரப் பத்து மணியாகிவிடும். அந்த அம்மாவுக்கு இரவுச் சாப்பாடு ஊட்ட ஏழரைக்குள் திரும்ப வேண்டும் என்பதால் மூன்று மணிக்கே பையைத் தூக்கிவிடுவாள். மிஞ்சுவது ஐந்து மணி நேரம்.

"ஆக்கித் தின்னு பாத்திரம் கழுவறதுக்குள்ள பூடுது சீனி. மூஞ்சியக்கூட சரியா பாக்கல" என்றார் ஒருநாள். சிரிக்காமல் சொன்னார்.

வேனில் போய் அழைத்து வந்தால்? வழியில் இரண்டு மணி நேரம், கொண்டுபோய் விடும்போது இரண்டு மணி நேரம், பக்கத்து சீட்டில் சுதா. இந்த யோசனை வந்ததும் மனிதருக்குத் தூக்கம் போயிற்று. அடுத்த இரண்டாவது ஞாயிறு விடியலிலேயே கிளம்பினார். மாதவரம் வரைக்கும் சரியாகத்தான் போயிருக்கிறார். அங்கே பாலத்தின் மேலே போவதா கீழே போவதா என்று தெரியாமல் ஏறி, இறங்கி, சுற்றி, மறுபடி ஆந்திரா போகிற ரோட்டையே பிடித்துவிட்டார். சுதா தெருமுனையில் மத்தியானம் மூன்று மணி வரை நின்றாள். அவர் போய்ச் சேர்ந்தபோது, பழவேற்காடு போய்த் திரும்ப நேரமில்லை. ஓர் இளநீர் கடை ஓரத்தில் வேனை நிறுத்தி, இரண்டு பேரும் ஆளுக்கு ஓர் இளநீர் குடித்தார்கள். அந்த மாதத்துக்கு அவ்வளவுதான்.

"போன்ல மேப் போட்டுக் குடுத்தேனே, அத இன்னா பண்ண?" என்று நான் எகிறினேன்.

குறை மேப்பில் இல்லை, கண்ணில். ஏரிக்கு நடுவே நட்ட கம்பில் உட்கார்ந்திருப்பது காக்கையா நீர்க்காகமா என்று கரையிலிருந்தே சொல்கிற மனிதருக்கு, கைக்கெட்டும் தூரத்திலுள்ள போனில் அம்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரியாது. கண்ணாடி போட்டால் போன் தெரியும், ரோடு கலங்கிவிடும். போன் வாயால் வழி சொல்லுமே என்பீர்கள். படகு இன்ஜினுக்குப் பக்கத்தில் இருபது வருடம் இருந்த காது அது. போதாததற்கு ஆம்னிக்கு இன்ஜின் சீட்டுக்கு அடியிலேயே கத்தும்.

பத்து நாள் கழித்து முகமெல்லாம் வெளிச்சமாக வந்தார். யாரோ ஒருவருடைய பெரிய காரில், எதிர்க் கண்ணாடியிலேயே அம்பும் எண்ணும் தெரிவதைப் பார்த்திருக்கிறார். ரோட்டின் மேலேயே மிதக்கிற மாதிரி இருந்ததாம்.

"அது மாரி ஒண்ணு பண்ணுடா."

"அது கோடீஸ்வரன் வண்டிண்ணே. உன் வண்டிக்கு வைப்பரே ஓடல."

"மழைக்கா கேட்டேன்? வழிக்குத்தானே கேக்கறேன்."

வாயை மூடிக்கொண்டு வேலையில் இறங்கினேன். உண்மையைச் சொன்னால், எனக்கும் ஆசை வந்துவிட்டது. போன் திரையை இடவலமாகத் திருப்பிக் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டேன். டாஷ்போர்டில் போனை மல்லாக்க வைத்தால் எதிர்க் கண்ணாடியில் அம்பு நேராகத் தெரிந்தது. ஆனால் கிட்டத்தில் இருக்கிற மாதிரியே தெரிந்ததால் அவர் கண்ணுக்கு மங்கல். பொன்னேரி பழைய இரும்புக் கடையில், பள்ளிக்கூடத்தில் கழித்துப் போட்ட புரொஜெக்டர் ஒன்று கிடந்தது. அதிலிருந்த வரி வரியான பிளாஸ்டிக் லென்ஸை உருவி வந்து போனுக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். அம்பு பெரிதாகி, கண்ணாடியைத் தாண்டி, வேனுக்கு முன்னால் தள்ளிப் போய் நின்றது. தேசப்பன் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"தெரிது சீனி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

போனையும் லென்ஸையும் வைக்க, இறால் அனுப்புகிற தெர்மோகோல் பெட்டியை அளவாக அறுத்து, உள்ளே கறுப்பு அடித்தேன். வெயிலில் போன் சூடாகி அணைந்துவிட்டது. பக்கத்தில் நான்கு ஓட்டை போட்டேன். டாஷ்போர்டு கண்ணாடியில் பளபளத்தது. கறுப்புத் துணி விரித்தேன். இதையெல்லாம் சரி செய்தவன், ஒன்றை மட்டும் விட்டுவிட்டேன். எதிர்க் கண்ணாடிக்கு உள்பக்கம் ஒன்று, வெளிப்பக்கம் ஒன்று என்று இரண்டு பரப்பு. இரண்டிலும் பட்டு, அம்பு இரண்டாகத் தெரிந்தது. ஒன்று பளிச்சென்று, அதற்குப் பக்கத்தில் விரலகலம் தள்ளி இன்னொன்று மங்கலாக. பார்த்துப் பழகிவிடுவார் என்று அலட்சியமாக இருந்துவிட்டேன்.

அவர் பழகியிருந்தது வேறொன்றுக்கு. ஏரியில் மேடு எது, ஆழம் எது என்று தண்ணீரின் மேற்பரப்பைப் பார்த்தால் தெரியாது. லைட் ஹவுசையும் அதற்கு முன்னால் இருக்கிற ஒற்றைப் பனையையும் பார்த்துக்கொண்டே போக வேண்டும். இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாக நின்றால் ஆழத்தில் போகிறோம். பிரிந்து தெரிந்தால் படகு விலகிவிட்டது, சேருகிற வரைக்கும் திருப்ப வேண்டும். இருபது வருடம் அந்தக் கை செய்த வேலை அது. வெள்ளோட்டம் விட்ட அன்று, ஏரிக்கரை ரோட்டில், கண்ணாடியில் இரண்டு அம்பு பிரிந்து தெரிந்ததும் அவர் கை தானாக ஸ்டியரிங்கைத் திருப்பியது. சேரவில்லை. இன்னும் கொஞ்சம் திருப்பினார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த நான் "அண்ணே, அண்ணே" என்பதற்குள் வேன் கரையிறங்கி, பட்டப்பகலில், ஊர் பார்க்க, முன்சக்கரம் முழுகச் சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

"இன்னாத்துக்குத் திருப்பன?"

"ரெண்டும் சேரலடா" என்றார், அப்பாவியாக.

ஆனைக்கும் அடி சறுக்கும்தான். ஆனாலும் படகோட்டி கரையில் தரை தட்டியதை ஊர் சும்மா விடுமா? கயிறு கட்டி இழுத்த ஆறு பேரும் இழுத்ததைவிடச் சிரித்ததுதான் அதிகம். தேசப்பனும் சேர்ந்து சிரித்தார். எனக்குத்தான் ஆத்திரம், என் மேலேயே. மறுநாள் கண்ணாடியின் உள்பக்கம், உள்ளங்கை அளவுக்கு, கார் கண்ணாடியில் ஒட்டுகிற கறுப்புச் சன் ஃபிலிம் துண்டு ஒன்றை ஒட்டினேன். உள்பக்க அம்பு பளிச்சென்று நின்றது, மற்றது இருக்கிற இடம் தெரியவில்லை. ஒரே அம்பு.

அடுத்த இரண்டாவது ஞாயிறு. காலை ஏழரைக்கு, துரைப்பாக்கத்திலிருந்து போன் செய்தார். "தெருவுல நிக்கறா சீனி. நீலப் புடவ" என்றார். போனை வைத்துவிட்டார். பத்து மணிக்கு முன்பே வேன் ஊருக்குள் வந்தது. முன்சீட்டில் சுதா. கடையைத் தாண்டும்போது என்னைப் பார்த்துக் கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கினாள். அன்று முழுக்க யாரையும் நான் திட்டவில்லை.

மூன்று மணிக்குப் பழக்க தோஷத்தில் இருவரும் கிளம்பிவிட்டார்கள். ஐந்தரைக்குப் போய்ச் சேர்ந்து போன் செய்ய வேண்டும். ஐந்தரை ஆயிற்று, ஆறு ஆயிற்று, ஆறரை ஆயிற்று. நான் கூப்பிட்டால் எடுக்கவில்லை. பெட்டி சூடாகி போன் அணைந்திருக்கும், மனிதர் மறுபடி எங்கோ பாலத்தில் சுற்றிக்கொண்டிருக்கிறார் என்று என்னையே நொந்துகொண்டேன். ஏழரைக்குத்தான் பேசினார்.

"வுட்டுட்டேன் சீனி."

"எந்த எடத்துல அணைஞ்சுது?"

"அணையலடா. நாளைக்கு வரேன்."

மறுநாள் வேனைக் கடை வாசலில் நிறுத்தச் சொல்லிப் பெட்டியைப் பார்த்தேன். லென்ஸின் மேல், நான்காக மடித்த ஒரு பூப்போட்ட கைக்குட்டை கிடந்தது. அம்பை முழுதாக மறைத்திருந்தது.

"இத யார் போட்டது?"

தேசப்பன் ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார். மீஞ்சூர் தாண்டும்போது சுதா கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாள். அம்புக்குக் கீழே, போய்ச் சேரும் நேரம் தெரிந்திருக்கிறது.

"'இன்னாயா, அஞ்சு இருவதுக்கே போயிடுவோமா?'ன்னா. 'ஆமா, நல்லா வேல செய்யுது'ன்னேன் பெருமையா. அவ கைக்குட்டைய எடுத்து மடிச்சி, அது மேல போட்டுட்டா. 'இப்ப நான் எப்டி போறது'ன்னு கேட்டேன். 'போன தபா போனியே, அது மாரி தப்பா போ'ன்னா."

தப்பாகப் போயிருக்கிறார். எங்கெங்கே என்று அவருக்கே தெரியவில்லை. ஒரு பாலத்தில் இரண்டு முறை ஏறியிருக்கிறார். எங்கோ ஒரு மரத்தடியில் நிறுத்தி, அவள் கட்டிக் கொண்டுவந்த நண்டுக் குழம்புச் சோற்றைத் தின்றிருக்கிறார்கள். ஏழரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது, வழி கேட்டு, கொண்டுபோய் இறக்கிவிட்டிருக்கிறார். மூன்று வருடத்தில் அவ்வளவு நேரம் சேர்ந்தாற்போல் பக்கத்தில் இருந்ததில்லை என்றார்.

மூன்று வாரம் நான் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டதெல்லாம், இவர் வழி தவறாமல் இருக்க. கோபம் வர வேண்டும். வரவில்லை. அதைக் காட்டிக்கொள்ளாமல் கைக்குட்டையை எடுக்கப் போனேன்.

அவர் என் கையைப் பிடித்தார்.

"அங்கியே இருக்கட்டும் சீனி. கூட்டியாரப் போறப்ப எடுத்துருவேன். வுடப் போறப்ப போட்டுப்பேன்."