ஏழு துண்டு நிலாக் கேக்

நேற்று புரோசார்ட் நகரத்துச் சீனக் கடையில் ஒருவர் நிலாக் கேக் பெட்டியைத் திறந்தார். கொழுப்பும் உப்பு முட்டைக்கருவும் கலந்த அந்த நாற்றத்தில் எனக்குச் செயின்ட்-மிஷேல் பகுதியில் இடித்துவிட்ட எங்கள் பழைய கட்டடமும், கீழ்வீட்டுச் சீன அன்ரியின் எண்ணெய்ப் பிசுக்குக் குசினியும், நிலவு தெரிய அவர் மேசையை ஜன்னலோரம் இழுக்கும் கரகரச் சத்தமும் நினைவில் வந்தன. நிலவுத் திருநாளில் வீட்டில் எத்தனை பேரோ அத்தனை துண்டாகக் கேக்கை வெட்டுவது அவர்கள் வழக்கம். அவர்கள் நாலு பேர்; ஒரு வருடம் அன்ரி ஏழாக வெட்டி, அம்மாவையும் தம்பியையும் என்னையும் கூப்பிட்டார். அன்று புரட்டாதிச் சனி, எங்களுக்கு விரதம். நிலவுக்குப் படைத்தது சைவமாகத்தான் இருக்கும் என்று அம்மா நம்பினார்.

நான் கடித்தேன். கரு நாக்கில் மணலாய் உதிர்ந்தது.

"அன்ரி, உள்ளே என்ன?" என்று பிரெஞ்சில் கேட்டேன்.

"பன்றிக்கொழுப்பு, நல்ல ருசி!" என்று சிரித்தார்.

அம்மாவுக்குத் தமிழில் சொன்னேன்.

"சீ! துப்பு பிள்ளை, துப்பு!"

அன்ரியின் மேசையிலேயே துப்பினேன். அவர் அதைத் தன் கையால் வழித்தெடுத்தார். கொழுப்பைவிட அந்த எச்சில்தான் இன்றும் எனக்கு அருவருப்பு.

அடுத்த வருடம் படியிறங்கும்போது திறந்த கதவு வழியே பார்த்தேன்: அன்ரி கேக்கை நாலாக வெட்டிக்கொண்டிருந்தார்.