யாரும் திருடாத மூன்றாம் பாகம்

என் கண் என்னைக் கைவிட்டது ஒரு நாவலின் மூன்றாம் பாகத்தில், முடிவுக்கு ஐந்து அத்தியாயங்கள் முன்னால்.

பஸ் முதலாளிக் குடும்பம் ஒன்றின் கதை அது. மாமனார், மூன்று மகன்கள், மருமகள்கள், நிறைய பஸ்கள், அதைவிட நிறைய வழக்குகள். இரண்டரை பாகம்வரை வாயே திறக்காத மூத்த மருமகள் ஒரு நாள் காலையில் சூட்கேஸை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டு வெளியேறி, சாலையில் வந்து நிற்கிறாள். பஸ் வருகிறது. அந்த வழித்தடத்தில் ஓடுவதெல்லாம் மாமனாரின் பஸ்கள்தான். கண்டக்டர் அவளைப் பார்த்ததும் வாயிலிருந்து விசிலை எடுக்கிறான். அத்தியாயம் அங்கே முடிகிறது.

அதற்கு முன்பே சில மாதங்களாக வரிகள் வளைந்துகொண்டிருந்தன. விளக்கை மாற்றினேன், கண்ணாடியை மாற்றினேன். கடைசியில் டாக்டர் விழித்திரையின் மையம் பழுதாகிவிட்டது என்றார். ஓரங்கள் தெரியும், நேராகப் பார்ப்பது மட்டும் தெரியாது. என் அலுவலகத்தில் பலர் நல்ல கண்ணை வைத்துக்கொண்டே அப்படித்தான் பார்த்தார்கள் என்பதால் எனக்கு அது புதிதாகப் படவில்லை.

நான் ஒரு அரசுத் துறையில் விதிகள் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். எது முடியும், எது முடியாது, முடியாததை எந்த உட்பிரிவின்கீழ் முடியும் என்று எழுதுவது என் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை, உரிய காலத்தில் யாரும் அந்தக் கோப்பை என் மேசைக்கு அனுப்பவில்லை. தாம்பரம் பக்கம் மாடம்பாக்கத்தில் இரண்டாவது மாடியில் ஒரு சிறிய வீடு. வீட்டில் பேச்சுச் சத்தம் என்று இருந்ததெல்லாம் புத்தகங்களுக்குள் இருந்ததுதான். அது நின்றபோது ஃபிரிட்ஜ் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது.

எதிர் வீட்டில் ஒரு பெண் இருந்தார். வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் வேலை செய்பவர், கைக்குழந்தைக்காரி. என் போனில் திரையைப் படித்துச் சொல்லும் குரலைப் போட்டுக் கொடுத்தது அவர்தான். புத்தகத்தைப் படம் பிடித்தால் வாசித்துக் காட்டும் செயலி ஒன்றையும் போட்டுத் தந்தார். ஆனால் பக்கம் முழுதும் படத்துக்குள் விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கண் வேண்டும். போதாததற்கு மூன்றாம் பாகம் தலையணை தடிமன், இறுக்கமான பைண்டிங். உள்பக்கச் சொற்களையெல்லாம் மடிப்பு விழுங்கிவிட்டது. மருமகளின் சூட்கேஸ் ஒரு வரியிலும், எதிர்ப்பக்கத்து வக்கீல் அடுத்த வரியிலுமாகப் போன் படித்தது.

"என்ன கதை அங்கிள் இது?" என்று கேட்டார். சொன்னேன். பஸ் வந்து நின்ற இடத்தில் நிறுத்தினேன்.

"அப்புறம்? ஏறினாளா?"

"அதுதான் தெரியவில்லை."

"டெலிகிராம்ல இருக்கும் அங்கிள். தேடட்டுமா? ரெண்டு நிமிஷம்."

அது திருட்டு என்று விளக்கினேன். பதிப்புரிமைச் சட்டத்தின் ஐம்பத்திரண்டாம் பிரிவில் என்னைப் போன்றவர்களுக்கு விலக்கு இருக்கிறது, படிக்க இயலாதவருக்கு ஏற்ற வடிவத்தில் புத்தகத்தைத் தரலாம், யாரும் தடுக்க முடியாது, ஆகவே நேர்வழியே இருக்கும்போது எதற்குக் குறுக்குவழி என்றேன். குழந்தை அழுதது. அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அதன் பிறகு லிஃப்டில் பார்த்தாலும் குப்பை வைக்க வெளியே வந்தாலும் ஒரே கேள்விதான். "ஏறினாளா அங்கிள்?"

பதிப்பகத்துக்கு எழுதினேன், போனிடம் சொன்னால் அதுவே எழுதிக்கொள்கிறது. மின்கோப்பு வழங்கும் வழக்கமில்லை, நூல் அச்சில் கிடைக்கிறது என்று பதில் வந்தது. அச்சில் கிடைக்கிறது என்பது எனக்கும் தெரியும். அது என் மடியில்தான் இருந்தது. நினைவூட்டல் அனுப்பினேன். இரண்டாவது நினைவூட்டலுக்கும் பதில் வராததால் நேரில் போனேன்.

பதிப்பகம் மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஷேர் ஆட்டோவில் கிழக்குத் தாம்பரத்தில் இறங்கி, ரயில் பாதைக்கு அடியில் போகும் சுரங்கப்பாதையில் மற்றவர்களின் முதுகைப் பிடித்துக்கொண்டே நடந்து போனேன். முதலாளிக்கு ஐம்பது வயது இருக்கலாம். முகம் தெரியவில்லை, குரல் நன்றாக இருந்தது.

"உக்காருங்க சார். காபியா, டீயா?"

"கோப்பு."

சிரித்தார். "லெட்டர்லயே நெனச்சேன், ஆளு டேஞ்சர்னு. சார், தப்பா எடுத்துக்காதீங்க. எங்கப்பா காலத்துல புக்கைத் திருடணும்னா திருடனும் பேப்பர் வாங்கணும், மை வாங்கணும், பிரெஸ்காரன் கையில கால்ல விழணும். இப்ப ஒரு விரலு போதும் சார். காலைல ஒரு பிடிஎஃப் வெளிய போச்சுன்னா சாயங்காலம் ஊரே வச்சினு இருக்கும்."

"எனக்குத் தருவதைச் சட்டம் அனுமதிக்கிறது."

"குடுத்தே ஆவணும்னு சொல்லுதா சார்?"

சொல்லவில்லை. அனுமதிக்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. இந்த வித்தியாசத்தைக் காட்டித்தான் நான் எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதே வித்தியாசம் மேசையின் அந்தப் பக்கத்திலிருந்து வரும்போது எப்படி இருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன்.

"சரி, ஒன்று மட்டும் சொல்லுங்கள். மூத்த மருமகள் அந்த பஸ்ஸில் ஏறினாளா?"

"யாரு சார்?"

"உங்கள் புத்தகத்தில்."

"ஐயோ சார்! அது அப்பா போட்ட புக்கு. நான் படிச்சதில்ல. நமக்கு பில்லு படிக்கவே டைம் பத்தல."

எழுதியவர் எப்போதோ இறந்துவிட்டார். அவரைக் கேட்கவும் வழியில்லை. காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

சில நாள் கழித்து எதிர் வீட்டுப் பெண் கதவைத் தட்டினார்.

"அங்கிள், திட்டக் கூடாது. தேடிட்டேன்."

கதவை இன்னும் கொஞ்சம் திறந்தேன்.

"முதல் பாகம் இருக்கு. ரெண்டாவது இருக்கு. மூணாவது எங்கயுமே இல்ல. ஒரு குரூப்ல கேட்டும் பாத்தேன். 'அதை எவன் சிஸ்டர் ஸ்கேன் பண்ணுவான், ரெண்டாவதுலயே தூக்கம் வந்துடும்'னு ஒருத்தர் போட்டிருக்கார்."

இருந்திருந்தாலும் நான் திறந்திருக்க மாட்டேன் என்று இப்போதும் சொல்வேன். ஆனால் இல்லை என்று அவர் சொன்னபோது, நன்றாகத் தேடினீர்களா என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். என் முகம் எனக்குத் தெரியாவிட்டாலும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். "விடுங்க அங்கிள்" என்றார்.

விடவில்லை. மறுபடி மேற்குத் தாம்பரம் போனேன். முதலாளி காபி சொல்வதற்கு முன்பே, அவர் பயப்பட ஒன்றுமில்லை, திருடர்கள் மூன்றாம் பாகத்தைத் தொடவே இல்லை என்று சொன்னேன். என் கட்சிக்கு அது நல்ல வாதம் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

கீழே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. அவர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"முதல் ரெண்டும் இருக்கா?"

"இருக்கிறதாம்."

"மூணாவது மட்டும் ஏன் சார் இல்ல?"

மூன்று பிள்ளைகளில் ஒன்றை மட்டும் கல்யாணத்துக்கு அழைக்காமல் விட்டவர்களைப் பற்றிக் கேட்பவர் போல இருந்தது குரல். என்ன சொல்வது? எனக்கு மிகவும் பிடித்தது மூன்றாவதுதான் என்றேன். அது உண்மைதான்.

"கூடுவாஞ்சேரி குடோன்ல மூணாவதுதான் சார் செவுரு மாதிரி நிக்குது. கரையானே தொடல." எழுந்து போனார். பழைய கம்ப்யூட்டர் ஒன்று முனகி எழும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஒரு பென் டிரைவ் என் உள்ளங்கையில் இருந்தது. "உங்களுக்கு மட்டும் சார். யாருக்கும் குடுத்துறாதீங்க."

"எழுதித் தருகிறேன்."

"அய்யோ வேணாம். நீங்க எழுதினா நான்தான் மாட்டுவேன்."

அதே வாரத்தில் எதிர் வீட்டுப் பெண்ணின் கணவருக்கு ஹைதராபாத்துக்கு மாற்றல் வந்தது. சாமான் வண்டி நின்றுகொண்டிருக்கும்போதே வந்து கோப்பைப் போனில் ஏற்றித் தந்தார். "முடிஞ்சதும் சொல்லுங்க அங்கிள், ஏறினாளான்னு" என்றார். குழந்தையின் கையைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினார். லிஃப்ட் கதவு மூடியது. நான் உள்ளே வந்து, விசிறியைப் போட்டுக்கொண்டு, நாற்காலியில் வசதியாகச் சாய்ந்து, போனைப் படிக்கச் சொன்னேன்.

"எக்ஸ், க்யூ, செமிகோலன், டாலர்" என்றது.

அடுத்த பக்கமும் அப்படித்தான். அதற்கடுத்ததும். மருமகள், கண்டக்டர், பஸ், எல்லோரும் ஆங்கில எழுத்துகளாக மாறியிருந்தார்கள். பத்து நிமிடம் கேட்டேன். அடிக்கடி வந்த ஒரு கோர்வை அநேகமாக 'அவள்' என்பதாக இருக்க வேண்டும். அவள் நிறைய தடவை வந்தாள். என்ன செய்தாள் என்று தெரியவில்லை.

முதலாளிக்குப் போன் செய்தேன்.

"அது அப்பா வாங்கின ஃபான்ட் சார். அந்த கம்பெனியே இப்ப இல்ல. அது எங்க மிஷின்ல மட்டும்தான் தமிழா தெரியும். கம்ப்யூட்டர்ல சொருகற மாதிரி ஒரு பூட்டு குடுத்தாங்க, அதைச் சொருகினாத்தான் சாஃப்ட்வேரே ஓடும்."

"எல்லோரும் எந்தக் கம்ப்யூட்டரிலும் தெரிகிற யூனிகோடுக்கு வந்துவிட்டார்களே. மாற்றலாமே?"

"மாத்தினா பக்கமெல்லாம் கலைஞ்சிடும் சார். நல்லா ஓடினு இருக்கறதை எதுக்கு நோண்டணும்? இதுல பாருங்க, ஒருத்தனும் காப்பி அடிக்க முடியாது." அதைப் பெருமையாகவே சொன்னார்.

"படிக்கவும் முடியவில்லை."

எதிர் வீட்டுப் பெண் இருந்திருந்தால் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்திருப்பார். அந்த வீட்டுக் கதவில் இப்போது பூட்டு தொங்கியது. என்னிடம் பிரிவுகள், உட்பிரிவுகள் எல்லாம் தீர்ந்துவிட்டிருந்தன.

"அவள் ஏறினாளா என்று மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்" என்றேன்.

"இருங்க சார்." பிளாஸ்டிக் உறை கிழிபடும் சத்தம். பக்கங்கள் புரண்டன. "எந்த அத்தியாயம்?" சொன்னேன். முணுமுணுத்துப் படிப்பது கேட்டது. "இல்ல சார், இப்படி நடுவுல சொன்னா நல்லாருக்காது. நானே படிச்சு வாட்ஸப்ல அனுப்பறேன்."

அன்று சாயங்காலம் முதல் குரல் பதிவு வந்தது. அப்பாவிடம் புரூஃப் படித்துப் பழகியவர். வாசிப்பும் அதே மாதிரி. "கமா" என்பார். "இங்க ஒரு துணைக்கால் விட்டுப்போச்சு சார்" என்பார். நடுவில் பாத்திரக் கடையின் குக்கர் மூடி எங்காவது விழும். முடிவில் தவறாமல், "சார், இது உங்களுக்கு மட்டும். ஃபார்வர்ட் பண்ணாதீங்க" என்பார். முதல் பதிவில் அரை அத்தியாயம்தான் இருந்தது, அதுவும் மாமனாரின் ரத்த அழுத்தத்தைப் பற்றி.

மறுநாள் பதிவில் பஸ் நிறுத்தம் வந்தது.

அவள் ஏறவில்லை. கண்டக்டர் இறங்கி நிற்கிறான். முதலாளி வீட்டு மருமகளைச் சாலையில் விட்டுவிட்டுப் போக அவனுக்குத் துணிச்சல் இல்லை. ஏற்றிக்கொண்டு போகவும் இல்லை. பஸ் நிற்கிறது. பின்னால் அடுத்த பஸ் வந்து நிற்கிறது, அதன் பின்னால் இன்னொன்று. எல்லாம் மாமனாருடையது. பயணிகள் கத்துகிறார்கள். அவள் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு நடக்கிறாள். ஹாரன் அடிக்கப் பயந்து, மாட்டுவண்டி வேகத்தில், அத்தனை பஸ்களும் அவள் பின்னால் ஊர்ந்து வருகின்றன.

அந்த இடத்தில் கமா சொல்வது எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை. எழுத்துப் பிழையும் இல்லை, எச்சரிக்கையும் இல்லை. "சே!" என்று ஒரு சத்தம், பதிவு முடிந்தது.

மறுநாள் காலையில் அழைத்தார். "சார், நேத்து சொல்ல மறந்துட்டேன். அதை யாருக்கும் அனுப்பலையே?"

"இல்லை."

"யார் கேட்டாலும் குடுக்காதீங்க சார்."

"யாரும் கேட்கவில்லை" என்றேன்.

மீதி அத்தியாயங்களும் வந்தன. கடைசியை முடித்துவிட்டு, "அப்பா நல்ல புக்கு போட்டிருக்காரு சார்" என்று ஒரு சிறிய பதிவு அனுப்பினார். அதோடு பதிவுகள் நின்றன. நானும் நன்றி சொல்லி அனுப்பினேன். எங்களுக்குள் இனி நிலுவை ஒன்றும் இல்லை.

கேட்டவர் ஒருவர் இருந்தது அதன் பிறகுதான் நினைவுக்கு வந்தது. வாக்குக் கொடுத்திருப்பதால் பதிவை அனுப்ப முடியாது. ஆனால் படித்த கதையைத் தெரிந்த ஒருவரிடம் சொந்த வாயால் சொல்வதை எந்தப் பிரிவும் தடுக்கவில்லை. சொற்களுக்குத்தான் உரிமையாளர் உண்டு. போனை வாயருகே வைத்துக்கொண்டு, ஹைதராபாத் எண்ணுக்கு, அவள் ஏறவில்லை அம்மா என்று தொடங்கி, பஸ்கள் அவள் பின்னால் ஊர்ந்து வந்ததுவரை சொன்னேன். நன்றாகவே சொன்னேன் என்று நினைக்கிறேன். ஒரு இடத்தில் எனக்கே சிரிப்பு வந்தது.

பதிவு போய்ச் சேர்ந்ததா, கேட்கப்பட்டதா என்பதைப் போனின் குரல் சொல்லும். தொட்டேன். "டெலிவர்ட்" என்றது. போய்ச் சேர்ந்தது, இன்னும் கேட்கவில்லை என்று அர்த்தம். சாயங்காலமும் அதையே சொன்னது. புது ஊர், புது வீடு, கைக்குழந்தை, அலுவலகம். நேரம் இருக்காது. மறுநாள் தொட்டபோதும் "டெலிவர்ட்" என்றது.

கடைசி அத்தியாயத்தை அவருக்கு இன்னும் சொல்லவில்லை. முதலில் இதைக் கேட்கட்டும்.