பெர்னடெட் பேட் பிடித்த நாள்

பெர்னடெட் வொய்சிக்கும் நானும் ஒரே டிப்போவில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறோம். அவளுக்கு அறுபத்து மூன்று வயது. ஐம்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் குரலை உயர்த்தமாட்டாள். கண்ணாடியில் ஒரு பார்வை பார்ப்பாள், வண்டி அடங்கிவிடும். அப்படிப்பட்டவள் போன ஜூனில் ஒரு காலை, எங்கள் ஊர் வாரப் பத்திரிகையைக் கசக்கி டிப்போவின் காபி மேசையில் வீசினாள்.

நான் எடுத்து விரித்தேன். முதல் பக்கத்தில் அவளுடைய அண்ணன் ஸிகியின் படம். குளியலறை ஓடு பதிக்கும் தொழிலில் நன்றாக முன்னுக்கு வந்தவன். மேட்டுத் தெருவில் பெரிய வீடு. அதன் கொல்லையில் பச்சை வண்ணமடித்த பலகைச் சுவர், புள்ளிப் பலகை, விளக்குக் கம்பங்கள் எல்லாம் வைத்துப் பிளாஸ்டிக் பந்துக்கென்றே ஒரு பேஸ்பால் களம் கட்டியிருந்தான். அமெரிக்கச் சுதந்திர தினமான ஜூலை நான்காம் தேதியை ஒட்டி ஆண்டுதோறும் அங்கே போட்டி நடக்கும், இருபது அணிகள் வரும். பதிமூன்று வயதில் தன் அம்மா வீட்டுக் கொல்லையில் அந்தக் களத்தையும் விதிகளையும் தானே வரைந்ததாகப் பத்திரிகைக்காரனிடம் சொல்லியிருந்தான். கடைசியில் ஒரு வரி: "என் தங்கச்சியும் கூடவே இருப்பா. பந்து பொறுக்கிக் கொடுப்பா."

"பொறுக்கிக் கொடுப்பாளாம்," என்றாள் பெர்னடெட்.

நடந்தது என்னவென்று அடுத்த இரண்டு வாரத்தில் துண்டு துண்டாகச் சொன்னாள். அப்பா ஆற்றோரத்து ரப்பர் ஆலையில் வேலை. வீட்டுக்குப் பின்னால் முப்பதடி அகலத்தில் ஒரு கொல்லை. ஒரு பக்கம் கார் கொட்டகை, மறுபக்கம் அடுத்த வீட்டுத் திருமதி பெட்ரெல்லாவின் தக்காளிப் பாத்தி. நிஜப் பேஸ்பாலை அங்கே அடித்தால் யார் வீட்டு ஜன்னலாவது போகும். அதனால் தெருப் பையன்கள் எல்லோரையும் போல, ஒரு பாதியில் எட்டுத் துளை போட்ட வெள்ளைப் பிளாஸ்டிக் பந்தும், துடைப்பக் கட்டைபோல ஒல்லியான மஞ்சள் பிளாஸ்டிக் பேட்டும் வைத்து ஆடினார்கள். ஆட்டத்தைவிடச் சண்டைதான் அதிகம். எது அவுட், எது இல்லை என்பதில் தினமும் மூக்கு உடையும்.

பன்னிரண்டு வயது பெர்னடெட் நாட்காட்டித் தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்பக்கம் அளவுகோல் வைத்துக் களத்தை வரைந்தாள். யாரும் ஓட வேண்டாம், ஓட இடமில்லை. தோட்டக் குழாயை நீட்டிப் போட்ட கோட்டைப் பந்து தாண்டினால் முதல் பேஸ்வரை ஓடியதாகக் கணக்கு. கொட்டகைச் சுவரில் பட்டால் இரண்டாவது. கூரைமேல் விழுந்தால் ஹோம் ரன், உடனே புள்ளி. துணிக் கம்பத்துக்கு வெளியே போனால் கணக்கில்லை. தக்காளிப் பாத்தியில் விழுந்தால் அடித்தவன் அவுட். திருமதி பெட்ரெல்லா பந்தைப் பிடுங்கி வைத்துக்கொள்வது அந்த விதியோடு நின்றது, பையன்கள் பாத்திப் பக்கம் அடிப்பதையே விட்டுவிட்டார்கள்.

பந்து வீசவும் அவளாகவே கற்றாள். துளைகள் எந்தப் பக்கம் இருக்கின்றனவோ அந்தப் பக்கம் பந்து வளையும். புதுப் பந்து வழுக்கும், சிமென்ட் படியில் நன்றாகத் தேய்த்தால் சொன்ன பேச்சுக் கேட்கும். பழைய அடுப்புத் தட்டைத் துணிக் கம்பியில் தொங்கவிட்டு, அதில் 'டங்' என்று விழும்வரை எறிந்துகொண்டே இருப்பாள். அவளைப்போல வீச அந்தத் தெருவில் ஆளில்லை. அதனாலேயே வந்தது வினை. அவள் எந்த அணியில் இருந்தாலும் அது ஜெயித்துவிடும் என்று பையன்கள் அவளை இரண்டு கட்சிக்கும் பொது ஆளாக்கினார்கள். இருவருக்கும் அவளே வீச வேண்டும். பொது ஆளுக்கு பேட் கிடையாது. நான்கு கோடை வீசினாள். ஒருநாள்கூட அவள் கையில் பேட் கொடுக்கவில்லை. கேட்டபோதெல்லாம் ஸிகி சொன்ன பதில், "அடுத்த ஆட்டம்."

போட்டிக்கு நான்கு பேர் பெயர் கொடுத்தோம்: பெர்னடெட், நான், டிப்போவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள். ஸிகி தொலைபேசியில் கூப்பிட்டான். பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை காலை குடும்ப ஆட்டம் தனியாக இருக்கிறதாம், பரிசாக ஐஸ்கிரீம்கூட உண்டாம். பெர்னடெட் முழுவதும் கேட்டுவிட்டு, "சனிக்கிழம வர்றோம்," என்று வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை ஒரு அணி வராததால் எங்களைச் சேர்த்துக்கொள்ள வேண்டியதாயிற்று. முதல் ஆட்டமே ஸிகியின் அணியோடு. அடுப்பில் கில்பாசா என்ற போலந்துத் தொத்திறைச்சி வறுபடும் வாசனை, நூறு பேருக்கு மேல் கூட்டம். முதல் சுற்றில் பெர்னடெட் வீசினாள். தோள் பழைய தோள் இல்லை, ஆனாலும் மூன்று ஆண்பிள்ளைகள் காற்றை வெட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாவது ஆள் ஸிகியின் மருமகன். கூட்டம் சிரித்தது. ஸிகியும் சிரித்தான். "கூடப் பொறந்தவளாச்சே," என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னான்.

எங்கள் முறையில், பெர்னடெட்டின் கைக்கு பேட் வருமுன்பே மற்ற மூவரும் வரிசையாக அவுட். அடுத்த சுற்றில் ஸிகியின் அணியும் புள்ளியில்லாமல் முடித்ததும், கழிவறைக்குப் போகிறேன் என்று பெர்னடெட் வீட்டுக்குள் போனாள். போனவள் வரவில்லை. நான் தேடிப்போனேன். கீழ்த்தளத்துச் சுவரில் தொங்கிய ஒரு சட்டத்தின் முன்னால் நின்றிருந்தாள். உள்ளே அந்த நாட்காட்டித் தாள். குழாய்க் கோடு, கொட்டகை, பாத்தி எல்லாம் பென்சிலில். பக்கத்தில் ஸிகியின் மனைவி கொரீன் கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"இவர் சின்ன வயசுல வரைஞ்சதுன்னுதான் என்கிட்ட சொன்னாரு, பெர்னி."

பெர்னடெட் சட்டத்தைக் கழற்றித் திருப்பினாள். பின்அட்டையின் ஆணிகளைக் கார்ச் சாவியால் நெம்பினாள். தாளின் அடிப்பக்கம் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. விரித்தாள். 'பெர்னடெட் வொய்சிக், ஜூன் 1973.'

ஸிகி மறந்துவிட்டான் என்று அதுவரை எனக்கு ஒரு எண்ணம் இருந்தது. வயதானால் யார் எதைச் செய்தார்கள் என்பது கலங்கிப்போகும் என்று அவளிடமே சொல்லியிருந்தேன். மடிப்பைப் பார்த்ததும் எனக்கே காது சுட்டது. கொரீன் அந்தப் பெயரைப் படித்துவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

பெர்னடெட் தாளோடு நேராகக் களத்தின் நடுவுக்குப் போனாள். ஸிகி பந்தோடு நின்றிருந்தான். தாளை அவன் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இத மடிச்சது யாரு?"

அவன் சுற்றிலும் பார்த்தான். "பெர்னி, அப்புறம் பேசலாம். ஜனங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும். யாரு மடிச்சது?"

"சட்டத்துக்குள்ள அடங்கல. அதான் மடிச்சேன்."

"மேல வெள்ளையா மூணு விரல் இடம் கெடக்கு. அத மடிச்சிருக்கலாம்ல?"

அவன் சிரிக்கப் பார்த்தான். "வெறும் பிளாஸ்டிக் பந்து. இதுக்குப் போயி இவ்வளவு ஆத்திரமா?"

"உனக்கு வெறும் பந்துதான். அப்ப எதுக்குடா திருடுன?"

அவள் தாளை என்னிடம் கொடுத்துவிட்டு மஞ்சள் பேட்டை எடுத்தாள். அடுத்து அவள் முறைதான். வாழ்க்கையில் முதல் தடவை. அதைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்தது, ஒட்டிப் பிடிக்க வேண்டிய இரண்டு கைகளுக்கும் நடுவே இடைவெளி விட்டிருந்தாள். ஸிகிக்கும் தெரிந்துவிட்டது. குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாக, கீழ்க்கையால் ஒரு பந்து போட்டான்.

அவள் அடிக்கவில்லை. உருண்டு வந்த பந்தைக் காலால் நிறுத்தினாள்.

"ஒழுங்காப் போடு. பிச்ச போடாத."

ஒழுங்காகப் போட்டான். மூன்று பந்து. மூன்றுக்கும் முழு வேகத்தில் பேட்டை வீசித் தவறவிட்டாள், கடைசி வீச்சில் முழங்கால் தரையில் பட்டது. அவுட். ஐம்பது வருஷம் பந்து போகும் வழியெல்லாம் அறிந்தவளுக்கு, வரும் பந்தை அடிக்கத் தெரியவில்லை. எழுந்தபோது அவள் முகத்தில் இருந்தது வெட்கமில்லை. அவன் தன்னிடமிருந்து எதை எடுத்துக்கொண்டான் என்று அப்போதுதான் சரியாகத் தெரிந்தவள்போல அவனைப் பார்த்தாள்.

ஐந்தாவது சுற்றில் மருமகன் பலகைச் சுவருக்கு மேலே ஒன்று அடித்தான். ஒரு புள்ளியில் தோற்றோம். கை குலுக்க ஸிகி வந்தான், அவள் வண்டியை நோக்கி நடந்துகொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் பத்திரிகை அலுவலகத்துக்குத் தாளோடு போனாள். துணைக்கு நானும் போனேன். ஆசிரியர் பெரிதாகக் கட்டுரை எழுதலாம் என்றார், அண்ணனும் தங்கையும் சேர்ந்து நிற்கிற மாதிரி படம் எடுக்கலாம் என்றார். வேண்டாம், திருத்தம் மட்டும் போடுங்கள் என்றாள். நான்கு வரி போட்டார்கள், இரங்கல் செய்திகளுக்குப் பக்கத்தில்.

ஆகஸ்டில் ஸிகி பச்சைச் சுவரில் இருவர் பெயரையும் எழுதி, படம் எடுத்து அனுப்பினான். அவன் பெயர் முதலில். அவள் பார்த்துவிட்டுக் கைப்பேசியை இருக்கையில் போட்டாள். கொரீன் மட்டும் ஒருநாள் தானே வந்தாள். இருவரும் சமையலறையில் வெகுநேரம் பேசினார்கள். ஸிகியின் பெயர் எடுத்ததாகத் தெரியவில்லை.

இப்போது பேருந்தை டிப்போவில் விட்டதும் தினமும் நாலரை மணிக்கு அவள் வீட்டுக் கொல்லையில் நான் பந்து வீசுகிறேன். என் வீச்சு படுமோசம், அதுவே அவளுக்கு வசதி. பத்தில் இரண்டு படுகிறது. போன செவ்வாய் ஒன்று வேலியைத் தாண்டிப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரன் காரின்மேல் விழுந்தது. நான் கைதட்டினேன். அவள் தட்டவேண்டாம் என்று சொல்லி, அடுத்த பந்தைப் போடச் சொன்னாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான் அடிக்கிறாள்.