படுக்க வைத்தால் மேப், நிமிர்த்தினால் ஓணான்

மதுரையில் இருக்கும் ஒரு சின்ன கேம் கம்பெனிக்கு நான் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். வாரத்தில் ஒருநாள் ஆபீஸ் போனால் போதும். மற்ற நாட்களில் பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில் இருந்தபடியே வேலை. போனில் விளையாடும் கேம்களை வெளியிடுவதற்கு முன்னால் விளையாடிப் பார்த்து, எங்கே கோளாறு என்று எழுதி அனுப்ப வேண்டும். அம்மா இதை வெளியில் 'கம்ப்யூட்டர் வேலை' என்று சொல்லி முடித்துக்கொள்வாள். வீட்டுக்குள் உட்கார்ந்து செய்தவரை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

பருத்தி வெடிக்கத் தொடங்கியிருந்த சமயத்தில் ஒரு புது கேம் வந்தது. போனை உள்ளங்கையில் தட்டையாகப் பிடித்தால் நாம் நிற்கும் இடத்தின் மேப் தெரியும். மேலேயிருந்து பார்ப்பதுபோல வரப்பு, ஓடை, கிணறு எல்லாம் கோடு கோடாக இருக்கும். அதே போனை முகத்துக்கு நேராக நிமிர்த்தினால் மேப் போய் கேமரா திறந்துகொள்ளும். எதிரே இருக்கும் நிஜமான இடத்தில், கேமில் வரும் மிருகங்கள் நிற்பதுபோலத் தெரியும். எந்தப் பட்டனையும் தொட வேண்டாம். போன் சாய்வதை அதற்குள் இருக்கும் சென்சாரே கண்டுபிடித்துக் காட்சியை மாற்றிவிடும். பாதிச் சாய்வில் பிடித்தால் எதைக் காட்டுவது என்று புரியாமல் மாறி மாறி வெட்டியது. சுவரும் கட்டடமும் இல்லாத வெட்டவெளியில் நடந்து பார்த்து, எந்தச் சாய்வில் குழம்புகிறது என்று சொல்லும்படி டீம் லீடர் சொன்னார். எங்கள் பக்கம் வெட்டவெளிக்கா பஞ்சம்? கண்மாய்க்கு மேற்கே பருத்தி விளையும் கரிசல் காட்டுக்குள் இறங்கினேன்.

போனைத் தட்டையாகப் பிடித்துக் குனிந்து பார்ப்பேன். கொஞ்சம் நடப்பேன். நிமிர்த்திப் பிடித்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றுவேன். மறுபடி தட்டையாகப் பிடித்து நடப்பேன். ரோட்டில் போகிறவர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

எங்களுக்குக் கிழக்கே சில ஊர்களில் காடுகளை மொத்தமாக விலைக்கோ குத்தகைக்கோ வாங்கி, சோலார் பலகைகளைப் பரப்பி, வேலி அடைத்துவிட்டார்கள். அங்கெல்லாம் முதலில் வந்தது கம்பெனிக்காரர்கள் இல்லை, அந்தந்த ஊர் ஆளைப் பிடித்துத்தான் நோட்டம் பார்த்தார்கள் என்று ஒரு பேச்சு. யார் காடு தரிசாகக் கிடக்கிறது, யார் விற்கிற நிலையில் இருக்கிறார்கள் என்று உள்ளூர் ஆள்தானே சொல்ல முடியும்.

ஊர் என்னைப் பார்க்கும் பார்வை மாறியது முதலில் பஸ்ஸில்தான் தெரிந்தது. அருப்புக்கோட்டை போகும்போது பக்கத்தில் இடம் போட்டுக் கூப்பிடுகிற பெண்கள், நான் ஏறியதும் பேச்சை நிறுத்தினார்கள். பின்சீட்டில் இருந்த ஒருவர் என் தோளுக்கு மேலே எட்டிப் போனைப் பார்த்தார். நான் திரும்பியதும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு அம்மா. நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்தவள், கை கால்கூடக் கழுவாமல் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"நீ பாக்குறது கம்ப்யூட்டரு வேலதான?"

"ஆமா."

"அப்பக் காட்டுக்குள்ள என்ன கம்ப்யூட்டரு?"

கேமைத் திறந்து காட்டினேன். பார்த்தாள். ஆனால் அவள் கண் திரையில் இல்லை, என் முகத்தில்தான் இருந்தது. வேலைத் தளத்தில் யாரோ, உன் மகளுக்கு சோலார்க்காரன்தானே சம்பளம் கொடுக்கிறான் என்று கேட்டிருக்கிறார்கள்.

மேற்குக் காட்டில் பெரும்பகுதி ஊரில் உரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சிக்குச் சொந்தம். என் அப்பா அவர் காட்டில் கூலி வேலை பார்த்தவர்தான். இப்போது லோடு ஆட்டோ ஓட்டுகிறார். நான் கடையைத் தாண்டிப் போகையில் அண்ணாச்சி கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் கடையில் எங்கள் வீட்டு ஆட்களுக்கு நாற்காலி போட்டு நான் பார்த்ததில்லை. ஆபீஸ், சாப்பாடு, பஸ் என்று சுற்றி வளைத்துக் கேட்டுவிட்டு, ஏக்கருக்கு என்ன பேசுகிறார்கள் என்றார். எனக்கு ஒன்றும் தெரியாது, இது விளையாட்டு என்றேன். சிரித்துக்கொண்டே, சரி சரி என்றார். அந்தச் சிரிப்பை நினைத்தால் வீட்டுக்கு வந்த பிறகும் கூசியது.

இரண்டு நாளில் காட்டுக்கே வந்துவிட்டார். கூடவே பருத்தி எடுக்கிற இடத்திலிருந்து இரண்டு ஆட்கள்.

"அந்தப் போனக் கொஞ்சம் குடு தாயி. பாத்துட்டுத் தாரேன்."

கொடுத்தேன். உள்ளங்கையில் வாங்கியதால் மேப் தெரிந்தது. "இது எங் கெணறு. இது கெழக்கு வரப்பு," என்று விரலை வைத்துக் காட்டினார். எழுத்தைப் படிக்க முடியவில்லை போலிருக்கிறது. வயதானவர்கள் செய்வதுபோலக் கையை நீட்டிப் போனைக் கண்ணுக்கு நேராகத் தூக்கினார். மேப் போய்விட்டது. அவருடைய பருத்திக்கு நடுவே பனை உயரத்துக்கு ஒரு நீல ஓணான் நின்று தலையை ஆட்டியது.

அண்ணாச்சி திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

"மறைச்சிட்டயே."

"நான் தொடவே இல்ல அண்ணாச்சி. தூக்கிப் பிடிச்சா அப்படித்தான் மாறும். கீழ சாய்ங்க, மேப்பு திரும்ப வரும்."

சாய்த்தார், மேப் வந்தது. தூக்கினார், ஓணான் வந்தது. திரும்பத் திரும்பச் செய்தார். கூட வந்தவர்களில் ஒருவர் ஓணானைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அண்ணாச்சி சிரிக்கவில்லை. நான் சொன்னது உண்மை என்று ஒவ்வொரு தடவையும் போன் காட்டக் காட்ட, அவர் முகம் இறுகிக்கொண்டே போனது.

"கண்ணுக்கு நேரா வச்சுப் பாத்தா ஓணான். கீழ எறக்குனா எங் காட்டு வரப்பு. நல்லாத்தான் செஞ்சிருக்காக," என்றார்.

அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன் என்று உறைத்தது.

போனைத் திருப்பிக் கொடுக்கும்போது கேட்டார்: "சரி, வெளையாட்டுன்னே வச்சுக்குவோம். இந்தப் படமெல்லாம் எங்க போவுது?"

"சர்வருக்குப் போகும் அண்ணாச்சி."

"அது யாரு கையில இருக்கு?"

போனை வாங்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினேன்.

அன்றைக்கே வீட்டில் நெட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தேன். தட்டையாகப் பிடித்தால் மேப் வந்தது. நிமிர்த்தினால் இணைப்பு வேண்டும் என்று நின்றுவிட்டது. நெட்டைப் போட்டுவிட்டு நிமிர்த்தி வைத்திருக்க, டேட்டா மளமளவென்று கரைந்தது. டீம் லீடருக்கு போன் செய்தேன். ஓணானின் கால் தரையில் பதிய வேண்டுமென்றால் தரையின் படம் வேண்டும், அதனால் அனுப்புகிறது என்றார். படம் அங்கேயே இருக்குமா என்று கேட்டேன். கொஞ்ச நாள் இருக்கும் என்றார். வரப்புக் கோடுகூட மேப்பில் எப்படி இருக்கிறது என்றதற்கு, அது வெளியில் விலைக்கு வாங்கிய மேப் என்றார். படங்களை வேறு யாராவது பார்ப்பார்களா என்றேன். "அது நமக்குத் தேவையில்லாத விஷயம்," என்று பேச்சை முடித்துவிட்டார். அதுவரை ஊர்தான் என்னைச் சந்தேகப்பட்டது. அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகு நானும் அந்த போனைச் சந்தேகப்பட ஆரம்பித்தேன்.

ரிப்போர்ட்டில் கூடுதலாக இரண்டு விஷயம் எழுதினேன். மேப்பைத் தெளிவாகப் பார்க்கத் தூக்குகிறவர்களுக்கு அது ஒளிந்துகொள்வதுபோலத் தோன்றுகிறது, ஒரே காட்சியில் நிறுத்திவைக்க ஒரு பட்டன் வேண்டும் என்பது ஒன்று. படம் எங்கே போகிறது என்று விளையாடுகிறவருக்குச் சொல்ல வேண்டும் என்பது மற்றொன்று. பட்டன் சீக்கிரமே வந்துவிட்டது. மற்றது 'பிறகு பார்க்கலாம்' என்ற குறிப்போடு இன்னும் அப்படியே இருக்கிறது.

அதற்குப் பிறகு நான் காட்டுப்பக்கம் போகவில்லை. அருப்புக்கோட்டைக்கு பஸ் ஏறிப் போய் அங்கே ஒரு மைதானத்தில் வேலையை முடித்தேன். டவுனில் போனைச் சாய்த்துக்கொண்டு நின்றால் செல்ஃபி எடுக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்கிறார்கள்.

பொங்கல் கழிந்து, நிஜமாகவே அளக்கிறவர்கள் வந்தார்கள். மூன்று கால் ஸ்டாண்டு வைத்து மேற்குக் காட்டை அளந்தார்கள். அவர்களுக்கு டீ போனது அண்ணாச்சி கடையிலிருந்து. வேலிக் கல் ஏற்ற அப்பாவின் லோடு ஆட்டோவைத்தான் கூப்பிட்டார்கள். திரும்பி வந்த அப்பா, அண்ணாச்சி காட்டைக் குத்தகைக்கு விடக் கோடையிலிருந்தே பேசிக்கொண்டிருந்தாராம் என்று சொன்னார். ஏக்கருக்கு என்ன பேசுகிறார்கள் என்று என்னிடம் அவர் எதற்குக் கேட்டார் என்பது அப்போதுதான் விளங்கியது. அடுத்த காட்டுக்காரருக்குக் கூடுதலாகப் பேசியிருக்கிறார்களோ என்று அவருக்குப் பயம்.

ஆனால் ஊரில் பேச்சு வேறு மாதிரி. நான்தான் அளந்து கொடுத்தேன் என்றார்கள். அண்ணாச்சி அதை இல்லை என்று சொல்லவில்லை. கடையில் கூட்டம் இல்லாத நேரமாகப் போய் நின்றேன்.

"நான் அளந்து குடுத்தேன்னு பேசிக்கிறாக. உங்களுக்குத் தெரியும்ல. நீங்க ஒரு வார்த்தை சொல்லலாம்ல அண்ணாச்சி."

விதைப் பையின் வாயைக் கட்டிக்கொண்டிருந்தவர், முடிச்சைப் போட்டு முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தார்.

"நீ அளக்கலைன்னு எனக்கு எப்படித் தாயி தெரியும்?"

தப்பிக்கச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைக்கிறாரா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. இல்லை என்று சத்தியம் செய்யலாம் என்று வாயெடுத்தேன். அந்தப் படங்கள் யாரிடம் இருக்கின்றன என்று தெரியாமல் எதன் மேல் சத்தியம் செய்வது? கடைப் படியிறங்கி வந்துவிட்டேன்.

இப்போது பஸ்ஸில் மறுபடியும் இடம் போடுகிறார்கள், பேசுகிறார்கள். காடு கரை பற்றி மட்டும் என் முன்னால் பேச்சு வருவதில்லை. அம்மா என்னை நம்புகிறேன் என்றுதான் சொல்கிறாள். ஆனால் நான் சாப்பிட உட்காரும்போது பக்கத்தில் போனை வைத்தால், தட்டைப் போடுவதற்கு முன்னால் அதை எடுத்து, கேமரா எதையும் பார்க்க முடியாதபடி ஒரு துணிக்கு அடியில் வைத்துவிடுகிறாள். நானும் வேண்டாம் என்று சொல்வதில்லை.