தட்டினால் விட வேண்டும்

எங்கள் ஊர் குரும்பலூர். ஏழாம் வகுப்பு படிக்கும் மகளைப் பெரம்பலூரில் ஒரு கராத்தே வகுப்பில் சேர்த்தேன். சுவர் நிறையக் கோப்பைகள். வேறெதையும் நான் விசாரிக்கவில்லை. பெற்றோர் உள்ளே வரக்கூடாது என்றார் மாஸ்டர். கண்டிப்பானவர் என்று எனக்குத் திருப்தி.

ஒருநாள் அவளை விட்டுவிட்டு வந்தபோது டவுன் பஸ் போய்விட்டது. வகுப்புக்கே திரும்பி ஜன்னல் வழியே பார்த்தேன். மாஸ்டர் கழுத்துப் பிடியை என் மகளை வைத்துச் செய்து காட்டிக்கொண்டிருந்தார். அவள் அவர் கையில் தட்டினாள். வலித்தால் தட்ட வேண்டும், தட்டினால் விட வேண்டும் என்பது அவரே முதல் நாள் சொல்லிக்கொடுத்ததாக மகள் சொன்ன விதி. அவர் விடவில்லை.

"இதுக்கே அழுவுறியா?" என்று சிரித்தார். மற்ற பிள்ளைகளும் சிரித்தார்கள்.

நான் கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்த பிறகுதான் பிடி விட்டது. "பயம் போவணும்ல, அதான்ம்மா," என்றார்.

பஸ்ஸில், "ஏன்டி என்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீதானம்மா, மாஸ்டர் சொல்றதக் கேளுன்னு தெனம் சொல்லி அனுப்புவ."

இப்போது வேறு வகுப்பு. மூன்று நாள் ஓரமாக உட்கார்ந்து பார்த்த பிறகே சேர்த்தேன். அங்கே கோப்பை ஒன்றுகூட இல்லை. ஒரு சிறுமி தட்டியதும் டீச்சர் சட்டென்று கையை எடுத்து, "வலிச்சிடுச்சாடா?" என்று கேட்டார்.

மகளிடம் இப்போதெல்லாம் நான் கேட்பது ஒன்றுதான்: "இன்னைக்கு தட்டுனப்ப விட்டாங்களா?"